விடயம் நான்கு: தெருவிளக்குகள்

நீடர்பாக் ஊர்ச்சபை கூடியது
பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே தலைவர்,
ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு சிறு மணி.
இடப்பக்க வரிசைகளுக்கு வாக்கெண்ண
என்னைத் தெரிந்தெடுத்தார்கள்.
'திருமதி நாகா... முத்து' என்றார் தலைவர்.
இரண்டு ஆளாக எழும்பி நின்றேன்.

விடயம் ஒன்று: போன கூட்டத்தின் குறிப்பேடு. ஏற்கப்பட்டது.
விடயம் இரண்டு: மேட்டுத் தெருத் தண்ணீர்க் குழாய்,
ஐம்பது வருடத் துரு,
இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் பிராங்.
தொகையைக் கேட்டு ஒருவர் இருமினார். ஏற்கப்பட்டது.
விடயம் மூன்று: தோட்டக் குப்பை எடுப்பது
இனிச் செவ்வாயில் அல்ல, வியாழனில்.
அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம்.
செவ்வாய்க்கிழமையை இவ்வளவு நேசித்தவர்களை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

விடயம் நான்கு.
இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை
தெருவிளக்குகளை அணைத்து வைப்பது.
மிச்சம், வருடத்துக்குப் பதினோராயிரம்.
வௌவால்களுக்காகத் திருமதி வூட்ரிச் பேசினா.
படுக்கையறை யன்னலுக்கு நேரே கம்பம் நிற்கும்
வாத்தியார் பேசினார்,
பேச்சைவிட அவர் கண்கள் கூடச் சொல்லின.
நான் பேசவில்லை.
மூன்று நாற்பதுக்கு வீட்டை விட்டிறங்கி
வெதுப்பகத்துக்கு நடக்கிறவள்
எனக்குத் தெரிந்து இந்த ஊரில் நான் ஒருத்திதான்.
ஒருத்திக்காக அறுபத்திரண்டு கம்பமா
என்று யாரும் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டேன்.

'அணைக்கலாம் என்போர்?'
மாட்டுக் கயிறு தழும்பிட்ட கை,
மோதிரம் கழற்ற முடியாமல் தடித்த கை,
பாதி பின்னிய கம்பளிக் காலுறையோடே
உயர்ந்த ஒரு கை.
ஐந்தாம் வரிசை ஓரத்தில்
ஏறவும் இறங்கவும் இல்லாமல்
காதடியிலேயே நின்றுவிட்ட
ஆஷ்பாக்கரின் கை.
கிட்டப் போய், 'இது வாக்கா?' என்றேன்.
தலையாட்டினார்.
எழுதினேன்.

'வேண்டாம் என்போர்?'
எழுதினேன்.

வலப்பக்கத்தையும் கூட்டி
நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டு.
தலைவர் மணியைத் தட்டினார்.
காகிதத்தை நீட்டும்போதுதான் கண்டேன்,
என் வலக்கையில் பேனை, இடக்கையில் அட்டை.
எண்ணுகிறவளின் கையை
எண்ண ஒருவரும் இல்லை.
சொல்லியிருக்கலாம்.
அதற்குள் விடயம் ஐந்து,
நாய் வரி, தொடங்கிவிட்டது.

ஏப்ரல் முதலாந்திகதி, மூன்று நாற்பது.
ஊரைக் காணவில்லை.
ஆற்றின் சத்தம் மட்டும்
வைத்த இடத்திலேயே இருந்தது.
ரோச் வெளிச்சம் என் சப்பாத்துக்கு முன்னால்
ஒரு சோற்றுத் தட்டளவு உருண்டு போனது.
மூடிய தபாற்கந்தோரடியில் எதிரே இன்னொரு தட்டு,
அதன் பின்னால் மூச்சு வாங்கும் நாய்,
நாயின் பின்னால் ஆஷ்பாக்கர்.
நாய்க்கு வயதாகிவிட்டதாம்,
இரவில் நாலு தரம் வெளிக்கிட வேணுமாம்.
'எந்த மடையன் இந்த லைற்றெல்லாம் நூத்தவன்?'
எண்ணிக்கையைச் சொன்னேன்.
நீங்களும் கை உயர்த்தினீர்கள் என்றேன்.
'நானா? காது கடித்தது.
நீங்கள் வந்து என்னவோ கேட்டீர்கள்,
நலம் விசாரிக்கிறீர்களாக்கும் என்று தலையாட்டினேன்.'

என் பேனையைப் பற்றி
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு வெளிச்சத் தட்டுகளும்
நாயின் மேல் வந்து ஒன்றாய் நின்றன.
அது காலைத் தூக்கியது.
எரிந்தாலும் நூந்தாலும்
கம்பம் அதற்குக் கம்பம்தான்.

ஜூனில் அடுத்த கூட்டம்.
அதே வளையம், அதே மணி.
வாக்கெண்ண இம்முறை வேறு ஆள்,
எனக்கு வெறுங்கை.
விடயம் ஒன்று: போன கூட்டத்தின் குறிப்பேடு.
'ஆட்சேபம் உண்டா?' என்கிறார் தலைவர்.
ஐந்தாம் வரிசை ஓரத்தில் ஆஷ்பாக்கர்
இரண்டு கைகளையும் மடியில்
இறுக்கிக் கோத்து வைத்திருக்கிறார்.